கயாக் விடப் போனோம்... வாய்க்கால்ல நடந்தோம்!

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹாஸ்டல்ல யாராவது எழுந்திருப்பாங்களா? நாங்க நாலு பேர் எழுந்தோம் மக்களே! எல்லாம் ஒரு கயாக் வீடியோ பண்ணின வேலை. ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர்ல, பார்க்கை ஒட்டின ஏரியில ஒல்லியான படகை இறக்கி, துடுப்புப் போட்டு, அப்படியே மரம் மூடின கால்வாய்க்குள்ள நுழைஞ்சு போறாங்க. "நம்ம சிங்காநல்லூர் குளமும் ரோட்டோரம்தான் இருக்கு. பக்கத்துல நொய்யல். ஏன்டா முடியாது?"னு ரூம்மேட் கேட்டான். மேப்பைத் திறந்தா, அட, குளத்தையும் ஆத்தையும் நீலக் கோடு நிஜமாவே இணைக்குது!

திருச்சி ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தா குளம். சுமார் 288 ஏக்கர். இந்தப் பக்கம் ஏர் ஹாரன், அந்தப் பக்கம் பட்ட மரத்துல நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காயவெச்சுட்டு உட்கார்ந்திருக்கு. ஒரு காலத்துல இங்கே படகு சவாரி இருந்ததைப் பெரியவங்க கதை கதையா சொல்வாங்க. நாங்க போன அன்னிக்கு தண்ணியில இருந்தது ஒரே ஒரு பரிசல். மீன் பிடிக்கிற அண்ணன் கரையேறிட்டிருந்தார்.

"ஏனுங்ணா, இதுல ஏறி வாய்க்கால் வழியா ஆத்துக்குப் போயிடலாமா?"

ஏற இறங்கப் பார்த்தார். "போலாமுங் தம்பி. வந்து கையக் கழுவாம சோறு மட்டும் திங்கக் கூடாதுங்."

மேட்டர் அங்கேதான் இருக்கு. பரிசல் மூங்கில் கூடை. வட்டமா இருக்கிறதால முன்பக்கம், பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது. ஒத்தைத் துடுப்பைத் தப்பா போட்டா பம்பரம் மாதிரி சுத்தும். கயாக்குக்கு ரெண்டு முனையிலும் இலை வெச்ச துடுப்பு. இடது, வலதுனு மாத்தி மாத்திப் போட்டா நேரா ஓடும். ஒரு ஜாண் தண்ணி இருந்தாலே மிதக்கும். வாய்க்காலுக்கு இதைவிட நல்ல படகு கிடையாது. (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவன் சொல்றேன், நம்புங்க!) ஆனா கயாக்ல உட்கார்ந்தா இடுப்பு கிட்டத்தட்ட தண்ணி மட்டத்துக்கு வந்துடும். துடுப்பைத் தூக்கும்போதெல்லாம் தண்ணி மடியில சொட்டும். கவிழ்ந்தா தலையே உள்ளே! அதனால, 'என்ன தண்ணி?'ங்கறதுதான் முதல் கேள்வி.

பதில் தேடி வாய்க்கால் ஓரமா நடந்தோம். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பிறந்து கரூர் பக்கம் காவிரியில சேர்ற ஆறு. வழியில அங்கங்கே அணைக்கட்டு, அதுலேர்ந்து வாய்க்கால், வாய்க்கால்லேர்ந்து குளம், நிறைஞ்சதும் மிச்சம் மறுபடி ஆத்துக்கே. பம்ப் கிடையாது, கரன்ட் கிடையாது, சரிவு மட்டும்தான். நாங்க நாலு வருஷம் படிச்சு வாங்கப்போற டிகிரியை இதைக் கட்டினவங்க பார்த்தா சிரிப்பாங்க. இன்னொரு பக்கம் சங்கனூர் பள்ளம், குருடிமலைப் பக்கத்து மழைத்தண்ணியைத் துடியலூர், ரத்தினபுரி வழியா இதே குளத்துக்குக் கொண்டுவருது. கூடவே ஊர்ச் சாக்கடையையும்! மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி வரும். மத்த மாசங்கள்லயும் குளம் வத்தாம இருக்குன்னா, அதுல நம்ம பாத்ரூமுக்கும் பங்கு இருக்கு.

கொஞ்ச தூரம் நடந்ததும் கர்ச்சீஃப் மூக்குக்கு ஏறிடுச்சு. தெர்மாகோல், செருப்பு, ஆகாயத்தாமரை. மேப்புல பார்த்த நீலக் கோடு நேர்ல கறுப்பு.

2010-ல பொதுப்பணித் துறைகிட்டேர்ந்து எட்டுக் குளங்களை மாநகராட்சி 90 வருஷக் குத்தகைக்கு எடுத்தப்போ இதுவும் அதுல ஒண்ணு. 2017-ல நகர்ப்புற பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம்னு அறிவிச்சாங்க. பேர் பெருசுதான். ஆனா கூழைக்கடாவும் தாழைக்கோழியும் இந்தத் தண்ணியிலயே குடும்பம் நடத்துறதைப் பார்த்தா, பேர் பொருத்தமாத்தான் படுது.

இங்கேதான் எங்களுக்குள்ள சண்டை. "சாக்கடையைச் சுத்திகரிச்சு விட்டா கயாக் விடலாம். மோட்டார் இல்லை, புகை இல்லை, பறவைக்கு என்ன தொந்தரவு?"னான் ரூம்மேட். எனக்கும் முதல்ல சரின்னுதான் பட்டுச்சு. அப்புறம் தாழைக்கோழியைப் பார்த்தேன். குஞ்சுகளோட கோரைக்குள்ள நுழைஞ்சு காணாம போச்சு. மோட்டார் படகால அங்கே போகவே முடியாது. சத்தமில்லாத, ஒரு ஜாண் தண்ணியில மிதக்கிற கயாக்கால முடியும்! நாலு பேர் செல்ஃபிக்காக உள்ளே நுழைஞ்சா கூடு காலி.

கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சுத்தமான தண்ணி வந்தா, ரோட்டுப் பக்கத் திறந்த நீர்ல மட்டும் துடுப்பு. கோரைப் பக்கமும் வாய்க்கால் முகப்பும் பறவைக்கு. வலசை வர்ற பனிக்கால மாசங்கள்ல படகே வேணாம். ரூம்மேட் அரை மனசாத்தான் ஒத்துக்கிட்டான். "அப்போ வீடியோல வர்ற மாதிரி கால்வாய்க்குள்ள போறது?" அதுக்குப் பில்லூர் அணைத் தண்ணி இருக்கு. பரளிக்காட்டுல வனத்துறை நடத்தின பரிசல் சவாரி ஊரறிஞ்சது. அடுத்த ஸ்டடி ஹாலிடேஸ்ல பார்த்துக்கலாம்னு சமாதானப்படுத்தினேன்.

திரும்பும்போது ஒன்பது மணி, கொலைப்பசி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி ஆர்டர் பண்ணிட்டு, சொல்லிவெச்ச மாதிரி நாலு பேரும் எழுந்து போய் ரெண்டு தடவை கை கழுவினோம்.