இரண்டு முறை வந்த ஆறாம் மாதம்

"நாள் செய்வது நல்லோர் செய்யார்" என்று பெரியோர் சொல்வார்கள். எங்கள் வீட்டிலோ சென்ற ஆண்டு ஒரு நாளைக் கண்டுபிடிப்பதற்கே நாங்கள் பெரும்பாடு பட்டோம். அந்தக் கதையை அன்புத் தோழியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் இங்கே சொல்ல விழைகிறோம். நாங்கள் என்றால் பத்தாம் வகுப்பு அக்காளும் எட்டாம் வகுப்புத் தங்கையும். எழுதுவது அக்காள்; தவற்றில் இருவருக்கும் சம பங்கு!

விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் 'சைகோன் ஆயா' என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் எங்கள் அப்பாவின் தாயார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அதே ஆட்சியின் கீழ் இருந்த வியட்நாமுக்குப் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் வேலைக்கும் வாணிகத்துக்கும் சென்றார்கள். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அந்நாட்டு மக்களும் அங்கே வந்து வணங்குகிறார்கள். ஆயாவின் தந்தை புதுச்சேரியிலிருந்து சென்ற எழுத்தர். தாயார் வியட்நாம் நாட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி. 1957இல் அங்கே பிறந்த ஆயா, 1975இல் போர் முடிந்த பிறகு தந்தையோடும் தங்கையோடும் புதுச்சேரிக்கு வந்தார். பின்னர் மணமாகி, தாத்தா வேலை பார்த்த எங்கள் பீங்கான் ஊருக்கு வந்து சேர்ந்தார். இன்று அப்பாவும் பீங்கான் பட்டறையில்தான் வேலை பார்க்கிறார்.

ஆயாவுக்குப் பத்து வயதாகும்போது, 1967இல், அவருடைய தாயார் நோயுற்று இறந்துபோனார். ஊரை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் தாள்கள் எல்லாம் தொலைந்தன. ஆகவே இறந்த நாளின் ஆங்கிலத் தேதி ஆயாவுக்குத் தெரியாது. "எட்டாம் மாசம் பதிமூணு" என்பது மட்டும் தெரியும். அது வியட்நாமியரின் நிலாக் கணக்கு. அங்கே இறந்தவர்களின் ஆண்டு நினைவை நிலா நாளில்தான் கடைப்பிடிப்பார்கள். நம் நாட்டில் திதி பார்ப்பது போலத்தான்.

எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், முழுநிலவன்று, அங்கே குழந்தைகளின் திருவிழா. சிறுவர் சிறுமியர் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு செய்த விளக்குகளை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போவார்கள். ஆயாவுக்கு அவர் தாயார் விண்மீன் வடிவ விளக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தாராம். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக அவர் கண்ணை மூடிவிட்டார். அந்த விளக்கை யாரும் ஏற்றவில்லை.

ஆண்டுதோறும் இந்த நாளுக்குரிய பூசையை ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்தவர், புதுச்சேரியில் இருந்த சின்னாயா. அவரிடம் சைகோன் உறவினர் அனுப்பும் கிழிநாட்காட்டி இருக்கும். அதில் ஆங்கிலத் தேதியோடு நிலாத் தேதியும் அச்சாகியிருக்கும். 2024இன் இறுதியில் சின்னாயா இறைவனடி சேர்ந்தார். "இனிமே யார்டி எனக்கு நாள் சொல்லுவா?" என்று ஆயா கலங்கினார். "நாங்கள் இருக்கிறோம் ஆயா!" என்று வீரத்தோடு ஏற்றுக்கொண்டோம்.

எங்கள் கணக்கு மிகவும் எளியது. வியட்நாமியரின் புத்தாண்டுக்கு 'டெட்' என்று பெயர். அது முதல் நிலா மாதத்தின் முதல் நாள். வீட்டை விட்டுப் போன முன்னோரை மீண்டும் வீட்டுக்கு அழைக்கும் நாளும் அதுவே. பசையரிசியும் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து, வாழை இலையில் உருளையாகக் கட்டி அவிக்கும் 'பான் டெட்' ஆயாவின் கைப்பக்குவம். சிவப்பு உறையில் எங்களுக்குப் புத்தம் புது நோட்டும் கிடைக்கும். 2025இல் டெட் ஜனவரி 29ஆம் நாள் வந்தது. வியப்பு என்னவென்றால், அன்றுதான் நம் தை அமாவாசை! அண்டை வீட்டார் மணிமுத்தாற்றங்கரைக்குச் சென்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துத் திரும்பிய அதே வேளையில், எங்கள் வீட்டில் ஆயா தம் தாயாரின் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாட்காட்டியில் எட்டுப் பௌர்ணமிகளை எண்ணினோம். எட்டாவது செப்டம்பர் 7. அதற்கு இரண்டு நாள் முன் என்றால் செப்டம்பர் 5. பங்குத் தந்தையிடம் சொல்லிப் பூசைக்கும் ஏற்பாடு செய்தோம். ஆயா வெள்ளைச் சேலை உடுத்தி, முழந்தாளிட்டு மன்றாடினார். கடமையை முடித்த பெருமிதம் எங்களுக்கு!

அந்தப் பெருமிதம் இரண்டு வாரமே நிலைத்தது. செப்டம்பர் 21, ஞாயிறன்று, புதுச்சேரி உறவினர் ஒருவர் சின்னாயா வீட்டுக்கு வந்து கிடந்த 2025ஆம் ஆண்டுக் கிழிநாட்காட்டியைக் கொண்டுவந்தார். ஆயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைய தாளைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். "இன்னும் ஏழாம் மாசமே முடியலையே, கண்ணுங்களா!" என்றார். கோபிக்கவில்லை. நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மறுநாள் அந்த நாட்காட்டியோடு எங்கள் கணக்கு ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினோம். அவர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, ஆறாம் மாதம் இரண்டு முறை வந்திருப்பதைக் காட்டினார். காரணத்தையும் விளக்கினார்.

ஒரு நிலா மாதம் ஏறக்குறைய 29½ நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கோ 365 நாள். ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைகிறது. அப்படியே விட்டால் அறுவடை விழா மழைக்காலத்துக்கும் கோடைக்கும் அலையும். அதனால் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நம் நாட்டில் சாந்திரமானக் கணக்கைப் பின்பற்றுவோர் 'அதிக மாதம்' என்பதும் இதுதான். 2023இல் அது வந்தது; 2026இலும் வருகிறது. இசுலாமிய ஆண்டில் இவ்வாறு சேர்ப்பதில்லை. ஆகவே ரமலான் நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்து, எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

"நம் உயிர்ப்புப் பெருவிழா மட்டும் நிலாவுக்கு அப்பாற்பட்டதா?" என்று சிஸ்டர் கேட்டார். ஆண்டவர் பாடுபட்டது யூதரின் பாஸ்கா விழாவையொட்டி. பாஸ்கா முழுநிலவையொட்டி வரும் விழா. அதனால்தான் மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு நமக்கு உயிர்ப்பு ஞாயிறு. 2025இல் அது ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. 2026இல் டெட் பிப்ரவரி 17. மறுநாளே திருநீற்றுப் புதன்! விருந்துக்கு மறுநாள் ஒருசந்தி!

ஒரே நிலாவுக்கு இரண்டு நாள் சொன்ன ஆண்டும் உண்டு. 1968இல் டெட் அமாவாசை நள்ளிரவை ஒட்டி வந்தது. வட வியட்நாம் கடிகாரத்தில் அது நள்ளிரவுக்கு முன். ஒரு மணி முந்தியிருந்த தென் வியட்நாம் கடிகாரத்தில் நள்ளிரவுக்குப் பின். ஆகவே வடக்கே ஜனவரி 29இலும் தெற்கே 30இலும் புத்தாண்டு. அந்த விழா நாட்களிலேயே சைகோன் நகருக்குள் போர் புகுந்தது. தாயில்லாத முதல் டெட் அது என்று ஆயா ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"அப்படியானால் நாங்கள் கொடுத்த பூசை வீணா சிஸ்டர்?" என்று தங்கை அழாத குறையாகக் கேட்டாள். சிஸ்டர் சிரித்தார். "எந்தப் பூசையும் வீணாகாது. ஆண்டவருக்கு நாட்காட்டி தேவையில்லை. நல்ல நாள், கெட்ட நாள் என்று நாம் அஞ்சுவதும் இல்லை. ஆனால் அன்பு செய்தவரை நினைக்க மனிதருக்கு ஒரு நாள் வேண்டும். உங்கள் ஆயாவின் நாளை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்.

சரியான நாள் அக்டோபர் 4, சனிக்கிழமை. அது அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவின் திருநாள். நிலாவைச் 'சகோதரி' என்று அழைத்து இறைவனைப் போற்றிய புனிதர் அல்லவா அவர்! வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஆலயத்துக்கு ஆயாவை அழைத்துச் சென்றோம். இம்முறை மன்றாடி முடித்து எழுந்த ஆயா, எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அக்டோபர் 6 பௌர்ணமி. அப்பா பட்டறையிலிருந்து வரும்போது, தீபாவளிக்காகச் சூளையில் வெந்த அகல் விளக்கு ஒன்றை வாங்கி வந்தார். நாங்கள் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் விண்மீனை இறக்கித் தூசி தட்டி, வாசலில் கட்டினோம். அதன் கீழே ஆயா தம் கையால் அகலை ஏற்றினார். "என்ன, அக்டோபரிலேயே கிறிஸ்துமசா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். "இல்லம்மா, எங்கம்மா வாங்கி வெச்ச வெளக்கு" என்றார் ஆயா.

தோழியரே! நம் வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சில் எத்தனையோ நாட்கள் எழுதாமலே இருக்கின்றன. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிட்டோம். அதன் முதல் பக்கத்தில் இருப்பது: எட்டாம் மாதம், பதிமூன்றாம் நாள்.

பத்தாம் வகுப்பு மாணவி