கறுப்பு டி-ஷர்ட்டில் நாளைய நகரம் ஒன்று

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையின் டிசைன் செக்‌ஷனில் வேலை பழகுகிறேன். டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதிக்கு எதிர்கால நகரம் ஒன்று வேண்டுமென்று ஆர்டர் வந்தபோது, சீனியர் அண்ணன் சொன்னார்: "தம்பி, கட்டடத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல காத்த வரஞ்சு பழகுங்க."

போட்டோஷாப்பில் வண்ணத்தைத் தொடவே விடவில்லை. சாம்பலில் மூன்று லேயர் மட்டும். முன்னால் இருப்பது நல்ல கருமை, நடுவில் மங்கல், தொலைவில் வானத்தோடு கலக்கும் வெளிறல். ஜன்னல்கூட இல்லாத வெறும் செவ்வகங்கள்தான். சாயல் சரியாக அமைந்ததும் மைல் கணக்கில் விரியும் மாநகரமாகிவிட்டன. 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்திலும், சிறிய மாதிரி நகரத்தை வைத்து அறைக்குள் புகையை நிரப்பித்தான் அந்தப் பிரம்மாண்டத்தைக் காட்டினார்கள்.

அடுத்தது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். நகரம் முழுவதையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டியைப் பனிமூட்டமாக மாற்ற வேண்டும். அடர்த்தி 1 என்றே இருந்தால் எல்லாமே மறைந்துபோகும். 0.01 ஆக்கினால், 100 மீட்டர் தள்ளியுள்ள விளக்கின் ஒளியில் சுமார் 37 சதவீதம் நேராக வந்து சேரும். 200 மீட்டரில் 14 சதவீதத்துக்கும் குறைவு. தூரம் எனக்குக் கணக்காகப் பிடிபட்டது இங்கேதான்.

ஒளியைப் பழக, இரவில் வீரபாண்டிப் பக்கம் வண்டியில் கூட்டிப்போனார் அண்ணன். சாயப்பட்டறையிலிருந்து எழும் நீராவி சோடியம் விளக்கருகே மஞ்சளாகவும், எல்இடி பக்கம் வெள்ளையாகவும் தெரிந்தது. ஆவியிலுள்ள நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால், எந்த விளக்கு படுகிறதோ அதன் நிறம்தான் ஆவிக்கும்.

நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலந்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இந்த ஊர் மறக்காது. கழிவுநீரை நொய்யலில் விடாமல் சுத்திகரித்து, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர்களை இன்று இங்கே பார்க்கலாம். அந்த உருளைகளையும் குழாய்களையும்தான் என் நகரத்தின் கோபுரங்களாக உயர்த்தினேன். தண்ணீரை மீட்டெடுக்கத் தெரிந்த ஊருக்குத்தானே எதிர்காலம் உண்டு!

கடைசிப் பாடம், படத்தை அச்சு ஸ்கிரீன்களுக்காக நிறம்வாரியாகப் பிரிக்கும் செப்பரேஷனில் கிடைத்தது. மூட்டத்தின் மெல்லிய சாயல்களை ஸ்கிரீனில் புள்ளிகளாகத்தான் மாற்ற முடியும். மிகச் சிறிய புள்ளிகள் ஸ்கிரீனின் மெஷ் வலையில் நிற்காது. அதனால் வெளிச்சம் தேயும் ஓரங்களை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். துணியோ கறுப்பு. முன்னால் நிற்கும் கருத்த கட்டடங்களுக்கு மை தேவையே இல்லை. அந்த இடத்தைத் துணியாகவே விட்டுவிடலாம். தொலைவிலுள்ள வெளிறிய மூட்டத்துக்குத்தான் மை அதிகம். "கட்டடம் துணியிலயே இருக்குதுங்க தம்பி, நாம காத்த மட்டும் அச்சடிச்சாப் போதும்" என்றார் அண்ணன்.

இந்தக் கலையைப் பழக வருபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கம்ப்யூட்டரைத் திறக்குமுன் விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உங்கள் ஊரின் மூன்று சாயல்களைக் குறித்துக்கொண்டு வந்து, அதிலிருந்து நகரத்தைத் தொடங்குங்கள்.