ரவிக்கைக்கு மேலே கேட்காதது

பாட்டிக்கு 81 வயது. வலது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். இரவு டூட்டியில் நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததுமே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “ஆம்பளைக வந்து போறாக தாயி.” எனக்கோ இன்னும் 30 பேரைப் பார்க்க வேண்டும். ரவிக்கைக்கு மேலேயே, முன்பக்கம் மட்டும் வைத்துக் கேட்டேன். ‘மூச்சொலி இயல்பு’ என்று எழுதிவிட்டேன்.

படுத்தே கிடப்பவர்களின் நுரையீரலில் பெரும்பாலும் முதலில் கெடுவது முதுகுப்பக்க அடிப்பகுதி. நான் அங்கே கேட்கவே இல்லை. துணி மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். உரசினால் இல்லாத ஒலியையும் உண்டாக்கும். 1816இல் பாரிஸில் லென்னெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காது வைக்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் பிறந்த கருவி இது. கூச்சத்தால் பிறந்த கருவிக்கு ஒரு மறைப்புத் தட்டி கிடைக்கவில்லை எங்கள் வார்டில்.

மறுநாள் இரவு மருமகள் போர்வையை விரித்துப் பிடித்தார். பாட்டியை மெதுவாக இடப்பக்கம் சாய்த்து, வெறும் முதுகில் வைத்தேன். வலது அடிப்பகுதியில், மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில், காதருகே முடிக்கற்றையை விரலால் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். அது மட்டும் போதாது. அசையாமல் கிடந்தால் காற்றறைகள் ஒட்டிக்கொண்டும் அப்படிக் கேட்கும். நாலைந்து முறை மூச்சை இழுக்கச் சொல்லி, இருமச் சொல்லி, மறுபடி கேட்டேன். போகவில்லை. இரு பக்கமும் கேட்டிருந்தால் இதயத்தைச் சந்தேகித்திருப்பேன். இது ஒரு பக்கம்தான். கூடவே லேசான விசில். ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்றது கேஸ் ஷீட். 60 வருட விறகடுப்பைக் கேட்க அதில் கட்டமே கிடையாது.

முழு நிமிடம் எண்ணினேன்: 30 மூச்சு. காய்ச்சல் இல்லை. ஆனால் மாலையிலிருந்து மருமகளை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாராம், சாப்பிடவில்லையாம். தளர்ந்த உடம்பில் நிமோனியா காய்ச்சலில்லாமல் குழப்பமாகவே வரலாம்.

டூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். “வயசானா அப்படித்தான் சிஸ்டர். உங்களுக்கு அப்படித் தோணுது. காலைல பாக்கலாம்.”

தோன்றவில்லை, கேட்டது. நேரம், இடம், இருமலுக்கு முன், பின், மூச்சு எண்ணிக்கை, அவரிடம் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து அதை அப்படியே மூத்த மருத்துவருக்குப் போனில் வாசித்தேன். (கை நடுங்கியது, மெமோ வரும் என்று நினைத்தேன்.) விடிவதற்குள் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது.

பாட்டி பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில், “மொத நாளே மறச்சிருந்தா நானே காட்டிருப்பேனே தாயி” என்றார்.

இப்போது என் பையில் ஒரு பழைய வாயில் சேலை இருக்கிறது, கட்டில் கம்பியில் கட்ட. முதல் இரவு நான் எழுதிய ‘இயல்பு’ அந்தக் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தோடு அப்படியே இருக்கிறது.