சித்தியின் கோடு போட்ட நோட்டில் லினக்ஸ்!

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோன நாள். பாளையங்கோட்டையில், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் டைப்பிங் சென்டர் நடத்தும் 52 வயதுப் பெண்மணிக்கு அந்தத் தேதி ஒரு தலைவலியாக வந்து சேர்ந்தது. அவருடைய லேப்டாப் 2016-ல் வாங்கியது. கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. மற்றபடி ஒரு குறையும் கிடையாது. ஆனால், விண்டோஸ் 11-க்கு அது தகுதியில்லை என்று திரையிலேயே சொல்லிவிட்டது.

காரணம் எளிது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். இவருடையது ஆறாம் தலைமுறை. புது லேப்டாப் என்றால் 40,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பு கொடுத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது 2026 அக்டோபரில் முடிந்துவிடும். அப்டேட் இல்லாத விண்டோஸிலும் கடையை ஓட்டலாமே என்று கேட்கலாம். ஊராருடைய ஆதாரும் பத்திரமும் கிடக்கிற கம்ப்யூட்டரில் அது சரிப்படாது.

பெங்களூருவில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான் போனில் அந்தப் பேச்சை எடுத்தான். "சித்தி, லினக்ஸ் போட்டுடலாமா?"

"எலே, கறுப்புத் திரையில வெள்ளை வெள்ளையா எழுத்து ஓடுமே, அதானே? எனக்கு எதுக்குலே அது?"

சித்தி மட்டுமல்ல, நம்மில் பலரும் லினக்ஸ் என்றதும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிப்பகுதியில் ஓடுவது லினக்ஸ்தான். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். நம் ஊரிலும் இது புதிதல்ல. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சிடாக் நிறுவனம் உருவாக்கியது அது. எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. அக்கா மகனுக்கும் பிளஸ் டூவில் அந்த லேப்டாப் கிடைத்தது. பள்ளி முடியும்வரை அவன் பாஸ் பக்கம் போகவே இல்லை!

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. அதில் மூழ்கினால் வெளியே வர முடியாது. புதிதாக வருபவர்கள் 'எது சிறந்தது' என்று தேடி ஒரு மாதத்தைத் தொலைப்பார்கள். யாரிடம் சந்தேகம் கேட்க முடியுமோ, அவர் பயன்படுத்துவதையே போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அக்கா மகன் பயன்படுத்துவது லினக்ஸ் மின்ட். அதனால் சித்திக்கும் மின்ட். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ என்ற இலகுவான பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

எடுத்த எடுப்பில் எதையும் அழிக்கவில்லை. பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்தே இயக்கினார்கள். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துக்கொள்ளலாம். பென்டிரைவை உருவினால் பழையபடி விண்டோஸ். இந்த ஒத்திகையைப் பார்க்காமல் நேரடியாக நிறுவச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பிறகு ஹார்டு டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தார்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி மாட்டினார்கள். பழைய லேப்டாப் வேகமாவதற்கு முக்கியக் காரணம், உண்மையைச் சொன்னால், இந்த எஸ்.எஸ்.டி-தான். லினக்ஸ் போட்டதும் ராக்கெட் ஆகிவிட்டது என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சித்தியின் முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல. "தமிழ் எப்படிலே அடிக்க?"

அவர் 1990-களில் தமிழ்த் தட்டச்சு படித்துத் தேறியவர். விரல்களுக்குப் பழைய தட்டச்சு எந்திரத்தின் எழுத்து வரிசைதான் தெரியும். தமிழ் 99 வரிசைக்கு மாற அவர் விரும்பவில்லை, மாறவும் தேவையில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு தட்டச்சு எந்திர வரிசையும் வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடிப்பது நேராக யூனிகோடில் விழுகிறது. சித்தி முதல் வரியை அடித்துவிட்டு, "இது நம்ம மிஷின்லே" என்றார்.

நோட்டுக்கு வந்த கட்டளைகள்

டெர்மினல் என்ற கறுப்புத் திரையை அவர் தொட்டது இரண்டாவது வாரத்தில். தேவை வந்ததால் தொட்டார். பத்திரப் பதிவுக்கு வருபவர்கள் ஆதார், பான், பட்டா, பழைய பத்திரம் எல்லாவற்றையும் தனித்தனி பி.டி.எஃப்-ஆகக் கொண்டுவருவார்கள். ஒன்றாகச் சேர்த்துத் தர வேண்டும். இதுவரை செய்தது என்ன? இலவசமாகச் சேர்த்துத் தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் எல்லாவற்றையும் ஏற்றி, சேர்ந்து வந்ததை இறக்கிக்கொள்வது. டைப்பிங் சென்டர்களில் இது சகஜம். யாரோ ஒருவருடைய ஆதார் எண்ணும், கையெழுத்தும், நிலத்தின் சர்வே எண்ணும் முன்பின் தெரியாத சர்வருக்குப் போய் வருகிறது. வாடிக்கையாளருக்கு இது தெரியாது. தெரிந்தால் சம்மதிப்பாரா என்று யாரும் கேட்பதும் இல்லை.

இதற்கு லினக்ஸில் 'பி.டி.எஃப் யுனைட்' என்று ஒரே சொல்லில் ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடித்து, சேர்க்க வேண்டிய கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, கடைசியில் புதுக் கோப்புக்கு ஒரு பெயர் தந்தால் போதும். கண்ணிமைப்பதற்குள் சேர்ந்துவிடும். இன்டர்நெட் வேண்டாம். காகிதம் கடையை விட்டு வெளியே போவதே இல்லை. கடைசிப் பெயர் புதிதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். சித்தி அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

ஆமாம், ஒரு கோடு போட்ட நோட்டு. அக்கா மகன் போனில் சொல்லச் சொல்ல, ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். 'டி.எஃப், இடம் விடு, சின்னக் கோடு, எச்' என்றால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். அந்த 'எச்' எதற்கு? அது இல்லாவிட்டால் எண்கள் நீளமாகக் கொட்டும். அதைப் போட்டால் ஜி.பி, எம்.பி என்று மனிதர்களுக்குப் புரிகிற கணக்கில் வரும். 'டி.யூ, இடம், கோடு, எஸ்.எச், இடம், நட்சத்திரம்' என்றால் எந்த ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும். முதல்முறை அடித்தபோது குற்றவாளி பிடிபட்டது: மகள் இறக்கிவைத்திருந்த சினிமாக்கள்.

அடுத்தது போட்டோ. டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கே.பி-க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படமோ மூன்று, நான்கு எம்.பி. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் 'கன்வெர்ட்' கட்டளைக்கு, இத்தனை கே.பி-க்கு மேல் போகாதே என்று வரம்பு சொல்ல முடியும். அந்த வரி கொஞ்சம் நீளம். அக்கா மகன் அதை ஒரு குறுக்குவழியாக்கி, ஒரே சொல்லில் வேலை முடியும்படி செய்து கொடுத்திருக்கிறான். கடைசி தேதி நெருங்கும்போது நாற்பது பேர் வரிசையில் நின்றால், மவுஸைவிட இதுதான் கைகொடுக்கும். ஒரே ஒரு படம் என்றால் மவுஸே போதும். எல்லாவற்றையும் டெர்மினலில்தான் செய்ய வேண்டும் என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் தடுமாற வைத்த விஷயங்கள் சின்னவைதான். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டளை குழம்பிவிடும். மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் வேறு வேறு. காப்பி செய்யும் கன்ட்ரோல் சி இங்கே ஓடுகிற வேலையை நிறுத்திவிடும். காப்பிக்கு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில லினக்ஸ்களில் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவுமே தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். மின்ட்டில் நட்சத்திரம் தெரியும்.

இதற்கெல்லாம் ஈடாக டேப் பட்டன் இருக்கிறது. பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப்பை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த கட்டளைகள் திரும்ப வரும். இந்த இரண்டும் பழகிவிட்டால் பாதி எழுத்துப்பிழை ஒழிந்துவிடும்.

ஒரே ஒரு கட்டளையை மட்டும் சித்தியின் நோட்டில் எழுதவே கூடாது என்று அக்கா மகன் சொல்லிவிட்டான். 'ஆர்.எம்'. அது அழித்தால் அழித்ததுதான். குப்பைத்தொட்டிக்குப் போகாது, 'நிச்சயமாகவா?' என்று பொதுவாகக் கேட்கவும் கேட்காது. பதிலுக்கு 'ஜி.ஐ.ஓ ட்ராஷ்' என்ற கட்டளை. அது கோப்பைக் குப்பைத்தொட்டியில் போடும். வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'சூடோ' என்று தொடங்கும் வரிகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கையில் கொடுக்கும் சொல். எங்கேயோ பார்த்த சூடோ வரியைப் புரியாமல் காப்பி செய்து ஒட்டுவது, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது மாதிரி.

எது ஒத்துவரவில்லை?

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. லினக்ஸுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கிடையாது. லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. கடிதம், மனு, கணக்கு என்று அன்றாட வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் வேர்டில் செய்த பத்திரத்தை அதில் திறந்தால் சில நேரம் ஒரு வரி நகர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம். முத்திரைத்தாளில் இத்தனை இடம் விட்டு, இந்தப் பக்கத்தில் இந்த வரியில் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டு அடிப்பவருக்கு அது பணவிரயம். ஆகவே, சித்தி பத்திர மாதிரிகளை லிப்ரே ஆபீஸில் புதிதாகவே அடித்துக்கொண்டார். வெளியே அனுப்புவதை பி.டி.எஃப்-ஆகவே அனுப்புகிறார்.

பழைய பத்திரங்கள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். எழுத்துருக் கோப்பைப் போட்டால் படிக்க முடிகிறது. ஆனால், பழைய முறையிலேயே அடித்துத் தரச் சொல்பவர்களுக்கு விண்டோஸ்தான் வேண்டியிருக்கிறது. போட்டோஷாப், டேலி இரண்டும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு கிம்ப் போதும். கல்யாண ஆல்பம் செய்பவருக்கும், தினமும் டேலியில் கணக்கு எழுதுபவருக்கும் லினக்ஸுக்கு மாறச் சொல்வது உதவி ஆகாது, தொல்லைதான். தொழில் எந்த மென்பொருளில் ஓடுகிறதோ, அது ஓடும் இடத்திலேயே அவர்கள் இருந்துகொள்ளட்டும்.

வீட்டுக்குப் பாடம் படிக்க, யூடியூப் பார்க்க, பேங்க் வேலைக்கு, கடிதம் அடிக்க என்றால் கதை வேறு. ஃபயர்ஃபாக்ஸும் வி.எல்.சி-யும் லிப்ரே ஆபீஸும் இருந்தால், கீழே ஓடுவது எது என்று வீட்டில் பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

ஞாயிறு மாலை கடையைச் சாத்துமுன் சித்தி செய்யும் கடைசி வேலை 'ஆர்சிங்க்'. வெளி டிஸ்க்கைச் செருகி ஒரு வரி அடித்தால், அந்த வாரம் புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் நகலெடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும்; போடாவிட்டால் ஃபோல்டரே போகும். நோட்டில் இதற்கு ஒரு படமே வரைந்து வைத்திருக்கிறார்: மூடியைத் திறந்த டிபன் பாக்ஸ், மூடிய டிபன் பாக்ஸ்.

மிச்சம் இருப்பது பிரிண்டர். அவரிடம் இருக்கும் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைக்க அக்கா மகன் இரண்டு ராத்திரி முயன்றும் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதனால் பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி பெட்டியில் போடாமல், மகளின் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி, அதில் விண்டோஸைத் திரும்ப நிறுவி, இன்டர்நெட் இணைப்பே கொடுக்காமல் மூலையில் வைத்திருக்கிறார்கள். பென்டிரைவில் பி.டி.எஃப்-ஐக் கொண்டுபோய் அங்கே பிரின்ட் எடுக்கிறார். பழைய எழுத்துருவில் அடிக்க வேண்டியதும் அங்கேதான். அந்தப் பிரிண்டர் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. அடுத்ததை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: 'ஏர்பிரிண்ட் உண்டா?' அந்த வசதி உள்ள பிரிண்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸில் ஓடிவிடும்.