சின்ன சிட்டியிலிருந்து

ஈலி, இங்கிலாந்து
அக்டோபர் 14

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒன்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, சிட்டிக்கும் டவுனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாளாம். சின்னது வில்லேஜ், அதைவிடப் பெரியது டவுன், எல்லாவற்றிலும் பெரியது சிட்டி என்று சொல்லி உட்காரவைத்தேன், சரிதானே என்றீர்கள். சரிதான் என்றேன். முப்பது வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு டீச்சர்.

நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற ஈலி ஒரு சிட்டி. இங்கே மொத்தம் சுமார் 20,000 பேர்தான் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் மேடேறினால் ஊரின் நடுவுக்கு வந்துவிடலாம். சுற்றிலும் முன்பு சதுப்பு நிலமாக இருந்ததாம். இந்த மேடு மட்டும் தீவுபோல் நின்றிருக்கிறது. விலாங்கு மீன் நிறையக் கிடைத்ததால் வந்த பெயர்தான் ஈலி. மேட்டின் உச்சியில் 1083-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் நிற்கிறது. 1322-இல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் பெரிய பெரிய ஓக் மரங்களைக் கொண்டுவந்து எண்பட்டையாக ஒரு விதானத்தை எழுப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். வெகு தூரத்து வயலில் நின்று பார்த்தாலும் கட்டடம் தெரிகிறது. சதுப்பு நிலத்துக் கப்பல் என்றே இதைச் சொல்கிறார்கள்.

ஈலியைச் சிட்டி ஆக்கியது இந்தப் பேராலயம்தான். பிஷப்பின் ஆசனம் இருக்கிற ஊர் சிட்டி என்பது இங்கே பழைய வழக்கம். எட்டாம் ஹென்றி 1540-களில் புதிதாகச் சில மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது, பிஷப் வந்து அமர்ந்த ஊர்களுக்கும் சிட்டி என்ற பட்டம் கிடைத்தது. அந்த வழக்கம் 1889-இல் பர்மிங்ஹாமால் உடைந்தது. ஆங்கிலிகன் பேராலயம் இல்லாமலே அந்தத் தொழில் நகரம் சிட்டி ஆனது. உலகமே அறிந்த கேம்பிரிட்ஜுக்கு 1951-இல்தான் அந்தப் பட்டம் கிடைத்தது. அங்கே இன்றும் பேராலயம் கிடையாது. அந்த ஊருக்கும் பிஷப் இங்கே ஈலியில்தான் இருக்கிறார்.

போன வாரம் ரெடிங்கில் தங்கியிருந்தேன். எழுத்தைப் பார்த்தால் ரீடிங் என்று வாசிக்கத் தோன்றும், சொல்வது ரெடிங். 1,70,000 பேருக்கு மேல் வாழும் ஊர். பல்கலைக்கழகம், பெரிய ரயில் சந்திப்பு எல்லாம் இருக்கிறது. பலமுறை விண்ணப்பித்தும் பட்டம் கிடைக்காமல் இன்னும் டவுனாகவே இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் அரசரோ அரசியோ எழுதிக் கொடுத்தால்தான் சிட்டி. நம்மூரில் மாநகராட்சி, நகராட்சி என்று தலை எண்ணியும் வருமானம் பார்த்தும் பிரிக்கிறோமே, அந்தக் கணக்கை ஆங்கிலச் சொல்லின் மேல் ஏற்றிவிட்டோம். அமெரிக்காவில் வேறு கதை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது, சில நூறு பேர் இருக்கிற ஊர்கூடச் சிட்டி.

ராச்செஸ்டர் கதையைக் கேட்டால் உங்களுக்கும் மனம் கஷ்டப்படும். 604-இல் பிஷப் ஆசனம் அமைந்த ஊர். இங்கிலாந்தில் இதைவிடப் பழைய ஆசனம் கேன்டர்பரி மட்டுமே. 1998-இல் உள்ளாட்சிகளை மாற்றியமைத்தார்கள். பழைய மன்றம் கலைந்தபோது பட்டத்தைக் காக்க அறங்காவலர்களை நியமித்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை, பட்டம் போய்விட்டது. போனதே 2002-இல்தான் அவர்களுக்குத் தெரிந்ததாம்! திரும்பக் கேட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கே பழைய புத்தகக் கடையில் இருந்த அம்மாள் பேச்சுக்குப் பேச்சு சிட்டி என்றே சொன்னார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் வாய்ப்பேச்சில் டவுன்தான் ஜெயிக்கிறது. சிட்டி என்று பட்டம் வாங்கிய ஈலியிலும் கடைக்குப் போகிறவர்கள் டவுனுக்குப் போகிறேன் என்கிறார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து நெல்லையப்பர் கோயில் பக்கம் போகும்போது நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! டவுன் என்பது பழைய ஆங்கிலச் சொல். முதலில் வேலி அடைத்த இடத்தைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறந்த சொல்லுக்கு இன்றைக்கும் வேலி என்றே பொருள். சிட்டியோ லத்தீனில் பிறந்து, 1066-இல் நார்மன்கள் ஜெயித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்று குடியானவன் சொல், மற்றது ஆள்பவன் சொல். அந்த வித்தியாசம் இன்னும் போகவில்லை.

ராச்செஸ்டரின் கடைவீதியில் நடந்தபோது இன்னொரு ஜோடியும் நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரீட், ரோடு. ஸ்ட்ரீட் சின்னது, ரோடு பெரியது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம்? அந்தக் கடைவீதி ரோமானியர்கள் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட்டின் தடத்திலேயே போகிறது. அது டோவர் கடற்கரையிலிருந்து லண்டன் வழியாக நாட்டின் உள்ளே போன நெடுவழி. கல் பரப்பிய வழி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ஸ்ட்ரீட் வந்தது. ரோடு குதிரைச் சவாரியைக் குறித்த சொல். பாதை என்ற பொருள் அதற்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பே தெருக்களுக்குப் பெயர் வைத்து முடித்துவிட்ட பழைய லண்டன் சிட்டிக்குள், அந்த ஒரு சதுர மைலில், ரோடு என்ற பெயரே இல்லாமல் இருந்தது. 1994-இல் எல்லையை மாற்றியபோது காஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி உள்ளே வந்தது.

இன்றைய வழக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் தமிழே போதும். வீட்டு வாசல்கள் பார்த்து நிற்பது தெரு, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு சேர்ப்பது சாலை. தெருவிளக்கு என்கிறோம், சாலை விபத்து என்கிறோம். ஆங்கிலத்திலும் விளக்கு ஸ்ட்ரீட்டோடு போகிறது, விபத்து ரோட்டோடு போகிறது. ஊர்ப் பலகைகளில் இது பிசகும்; பின்னால் கட்டிய குடியிருப்புகளில் வீடுகள் நிறைந்த தெருவுக்கும் ரோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையை மறுபடி எழுப்பிச் சொல்லிவிடுங்கள் டீச்சர். நம் இருவர் பேரிலும் சொல்லுங்கள், அன்றைக்குச் சொன்ன பதில் தப்பு என்று. ஈலியின் படம் போட்ட தபால் அட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அது அவளுக்கு.

அன்புடன்,
உங்கள் தோழி