கோடு நிக்கணும்

வஜ்ரம் காய்ச்சும் வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் பெவிகால் டப்பாதான். அப்போதெல்லாம் வஜ்ரம் பழுப்புக் கட்டிகளாக எடைபோட்டு விற்கும். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சின்னச் சட்டியை இறக்கி, கரிக்கனலில் மெல்ல இளக்க வேண்டும். நேராகத் தீயில் வைத்தால் கருகிப் பிடிப்பு போய்விடும். அந்த நாற்றம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அப்பாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தச் சட்டியை அந்தாண்ட கொண்டுபோகச் சொல்லு, என் அடுப்புலேருந்து ஒரு துண்டு நெருப்பு தரமாட்டேன்" என்பார். நெருப்பை நான்தான் கொட்டாங்குச்சியில் வைத்து அவருக்குத் தெரியாமல் கடத்திக்கொண்டு போவேன்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபியை நட்டுப் பார்த்த நாளிலிருந்து துரைமார்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் காலத்துக்கு எங்கள் எஸ்டேட்டில் துரை யாரும் மிச்சமில்லை. பங்களா மட்டும் 'துரை பங்களா', அதிலிருந்த மேசை 'துரை மேசை' என்று பேர் தாங்கி நின்றன. காபிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் உடம்பிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும், காற்றடித்தால் இலைகளின் வெள்ளைப் பின்புறம் திரும்பித் தோட்டமே ஒரு கணம் வெளுத்து அடங்கும். கோடையின் முதல் மழை விழுந்து பத்து நாளுக்குள் காபிச் செடிகள் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லத்தக்க அந்த மணம் ராத்திரியில் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். அந்தப் பூ பழுப்பேறி உதிர்ந்து முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடம் மூடும், ஆசாரி தாத்தாவும் மலையேறுவார்.

கீழே சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, முதல் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இறங்குவார். தோளில் ஒரு சாக்குப்பை. அதற்குள் வாள், இழைப்புளி, அகலமும் குறுகலுமாய் உளிகள், கொட்டாப்புளி, மூலமட்டம், எண்ணெய்த் துணியில் சுற்றிய சாணைக்கல். இறங்கியதும் முதல் வேலையாகத் துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "என்ன சாமி இந்தக் குளுரு!" என்பார், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் திரிகிற எங்களுக்கு அது வெயில் காலம். மழையில் ஊதிப்போன பங்களா ஜன்னல்கள், காபி காயப்போடுகிற களத்தின் துழாவு பலகைகள், ஆடும் நாற்காலிகள் என்று ஒரு வருஷத்து வேலை அவருக்காகச் சேர்ந்திருக்கும். காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் ஓடுகிற கொட்டகையின் மூலையில் இடம் போட்டுக்கொள்வார். அறுவடை முடிந்து மாசங்கள் ஆகியும் அங்கே காபித் தோல் புளித்த வாடை போயிருக்காது. அதன்மேல் மரத்தூள் வாசனை, வஜ்ரத்தின் நாற்றம், அவருடைய பீடி. இத்தனையும் சேர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு நான் பகலெல்லாம் அங்கேயே கிடப்பேன். சுருள் சுருளாக விழும் இழைப்புச் சீவலைச் சட்டைப் பையில் அடைத்துக்கொண்டு வருவேன். துவைக்கிற கல்லில் அதைக் கண்டெடுக்கும் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

எனக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. அப்போது நான் தபால்தலை சேர்ப்பவன். எஸ்டேட் ஆபீஸுக்கு வரும் உறைகளிலிருந்து அப்பா கிழித்துத் தருவதை ஒரு சிகரெட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். ஏற்காட்டு மூடுபனி எதைத்தான் விட்டது? டின் துருவேறி, தபால்தலை ஓரங்களில் செங்காவி படிய ஆரம்பித்தது. ஆசாரி தாத்தாவிடம் போய், இழுப்பறை வைத்த பெட்டி ஒன்று, இவ்வளவுதான் என்று இரண்டு சாண் காட்டி, செய்து தரச் சொன்னேன். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்சு தரமாட்டேன். வேணும்னா நீயும் உக்காரு" என்றார்.

உட்கார்வதற்கு முன்னால் என்னைப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். துரை மேசையின் இழுப்பறையை முழுக்க உருவி, கவிழ்த்து, பக்கவாட்டை வெளிச்சத்தில் பிடித்தார். முகப்புப் பலகையில் வெறும் மரம்தான் தெரிந்தது, ஒரு கோடுகூட இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பலகையும் ஒன்றுக்குள் ஒன்று கை கோத்திருந்தன. பக்கப் பலகையின் முனையில் அடி குறுகி நுனி அகன்ற வால்கள். முகப்புப் பலகையின் உள்ளே அதே வடிவத்தில் குழிகள். புறாவால் மூட்டு. ஆசாரி தாத்தா 'டவுட்டேல்' என்றார். "இழுக்கறப்ப நீ எதைப் புடிச்சு இழுக்கற? முகப்பைத்தான? ஆணி அடிச்சா ஒரு நா இல்லாட்டி ஒரு நா பலகை கையோட வந்துரும். இது நீ இழுக்க இழுக்கக் கவ்விக்கும்." எகிப்துக் கல்லறைகளில் கிடைத்த மரச் சாமான்களிலேயே இந்த மூட்டு இருப்பதைப் பின்னாளில் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை, இதைவிட நல்லதாக யார் யோசித்துவிட முடியும் என்றுதான் தோன்றியது.

பெட்டிக்குப் பலா. எஸ்டேட் ஸ்டோரில் ஒரு பழைய அலமாரித் தட்டு கிடந்தது, எத்தனையோ வருஷம் காய்ந்த மரம். இழைப்புளி ஓடியதும் மேலே படிந்திருந்த கறுப்பு உரிந்து, உள்ளேயிருந்து மஞ்சள் எழுந்தது. தஞ்சாவூரில் வீணை கடைவது இந்தக் கட்டையில்தான் என்று சொல்லிவிட்டு, பலகையை விரல் முட்டியால் தட்டி என் காதில் வைத்தார். இழுப்பறையின் பக்கங்களுக்குச் சில்வர் ஓக். அதை வாகாக அறுத்தால் முகத்தில் மீன்செதில் மினுங்கும். அடிப்பலகைக்குச் சாமான் வந்த பெட்டியின் பிளைவுட் துண்டு, பசை போடாமல் காடியில் செருகிவிடுவது.

அவர் அளக்கவே மாட்டார் என்பது எனக்கு அப்போது பெரிய ஏமாற்றம். என்னிடம் அடி ஸ்கேல் இருந்தது, பென்சில் இருந்தது, காதில் செருகிக்கொள்ளக் காதும் இருந்தது. அவரோ பெட்டிக் கூட்டை முதலில் கட்டி முடித்து, முகப்புப் பலகையை அதன் வாயில் வைத்துப் பார்ப்பார், ஒரு சீவல் எடுப்பார், மறுபடி வைப்பார். பலகை உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்குகிற இடத்தில் நிறுத்தினார். பக்கப் பலகைகளும் அப்படியே. எந்தப் பொந்துக்கு எந்தப் பலகை என்று பென்சிலால் ஒரு குறி போட்டதோடு சரி, இஞ்சுக் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை.

ஆணி பதித்த ஒரு சின்னக் கட்டையைப் பலகை ஓரத்தில் உரசி இழுத்து, வால் எதுவரை என்று ஒரு கீறல் போட்டார். வலப்பக்கத்து மூட்டு அவருக்கு, இடப்பக்கம் எனக்கு. பக்கத்துக்கு இரண்டே வால். முதலில் வால்களை அறுத்து, அதை முகப்புப் பலகையின் முனையில் படுக்க வைத்து, கத்தி முனையால் ஓரத்தைச் சுற்றிக் கீறிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் சூட்சுமம். வாள் போகிற தடத்துக்கும் ஒரு பருமன் உண்டே, அது கோட்டின் எந்தப் பக்கத்தில் ஓட வேண்டும்? கழிவுப் பக்கத்தில். "கோட்டைத் தின்னாத கண்ணு. கோடு நிக்கணும்." வாளை நான் அழுத்தும்போதெல்லாம் தலை நிமிராமலே இதைச் சொல்வார், சத்தத்திலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

குழி எடுப்பது உளியின் வேலை. சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டி, முன்னங்கை மயிரில் வைத்து ஒரு தடவை வழிப்பார். மயிர் உதிர்ந்தால் உளி தயார். அவர் கையில் ஒரு திட்டு எப்போதும் மழமழவென்று இருக்கும். நானும் பெருமையாகக் கையை நீட்டினேன், வழிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மரத்துக்குக் குறுக்கே முதலில் வெட்டி, பிறகு நாரோடு நெம்பி, ஒரு நெல் கனம் ஒரு நெல் கனமாக எடுக்க வேண்டும். முகப்பின் மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. பலா நாரின் குணம் கோணல், உளி சொன்னபடி போகாது. உள்ளே குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். கொட்டகைத் தகரத்தின் மேல் சில்வர் ஓக் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைமேல் போகிற ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமாகக் கொட்டடித்துக்கொண்டு போனபோதுகூட நான் எழுந்து போகவில்லை என்று அப்பா வெகுநாள் அதிசயப்பட்டார்.

மூட்டைச் சேர்த்துப் பார்க்கும் ஆசை எனக்கு நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். அதற்குத் தடை. "பாதி வரைக்கும் வெச்சுப் பாரு. முழுசா ஒரே வாட்டிதான், பசையோட." இறக்கி இறக்கி எடுத்தால் மூட்டு தளர்ந்துவிடும். வஜ்ரம் ஆறினால் பிடிக்காது, கையை விரசலாக ஓட்ட வேண்டும். பசை தடவி, கொட்டாப்புளியால் தட்டியபோது முதலில் காலியான சத்தம் வந்தது, தட்டத் தட்ட அது கெட்டிப்பட்டு, கடைசித் தட்டில் 'டொக்' என்று நின்றது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மூலைக்கு மூலை வைத்து ஒடித்து, அதே ஈர்க்கை எதிர் மூலைகளுக்கு மாற்றி வைத்தார். இரண்டும் சரியாக இருந்தன. சதுரம் பார்க்க அதற்குமேல் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிடிக்குக் காபிக்கட்டை. கிழடானதென்று பிடுங்கிப்போட்ட செடியின் அடித்தண்டு, வெளுப்பாய், கல்லாய்க் கனக்கும். அதில் ஒரு குமிழைச் சீவி, உப்புத்தாளால் நான் தேய்த்த தேய்ப்பில் என் விரல்ரேகைதான் முதலில் வழவழப்பானது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுத் துணியால் பூசிப் பூசிப் பெட்டிக்குப் பாலிஷ். இழுப்பறை வழுக்கிப் போக, கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு.

ஒரு மனக்குறை உண்டானது. அத்தனை பாடுபட்ட மூட்டு, இழுப்பறையை மூடினால் தெரியவில்லை! வெளியே பார்க்கிறவனுக்கு அது பலகையும் குமிழும்தான். "அதான் வேலை" என்று சொல்லிவிட்டார் அவர். எனக்குச் சம்மதமில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்தி, இழுப்பறையை முழுக்க உருவி, பக்கவாட்டைத் திருப்பிக் காட்டுவேன். தபால்காரர் பார்த்தார், கம்பவுண்டர் பார்த்தார், பால்காரப் பெண் பார்த்து, "இதுல ஆணியே இல்லையா? அப்ப உழுந்துராதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆடி தாண்டி மழை இறங்கியதும் இழுப்பறை முறைத்துக்கொண்டது. மலை முழுக்க ஈரம், சோற்று உப்பே கரைகிற காலம், மரம் குறுக்குவாட்டில் ஊதாமல் என்ன செய்யும்? குமிழைப் பிடித்து இழுத்தால் பெட்டியே கூட வரும். அடுத்த கோடையில் ஆசாரி தாத்தா வந்து பார்த்தபோது அது தானாகவே இறங்கி வழுக்கிக்கொண்டிருந்தது. "மழைக்குன்னு சீவினா வெயில்ல லொடலொடன்னு ஆயிரும், வுடு" என்று தொடாமலே வைத்துவிட்டார். அப்பா வேலையை விட்டு நாங்கள் சேலத்துக்கு இறங்கிய பிறகு, அந்தப் பெட்டி எந்த மழைக்கும் அடம்பிடித்ததில்லை. பலாவின் மஞ்சள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் இருண்டு, இப்போது கருங்காபி நிறம். தபால்தலைகள் யாரிடமோ போய்விட்டன. மின்சார ரசீதுகளும் என் மகளின் பழைய கொலுசு ஒன்றும் உள்ளே கிடக்கின்றன. விருந்தாளிகளுக்கு இழுப்பறையை உருவிக் காட்டுகிற பழக்கம் எனக்கு விடவில்லை. நான் கை வைத்த உடனே என் மனைவி காபி போட எழுந்து போய்விடுவாள்.

போன வருஷம் சமையலறை அலமாரிக்குக் கதவு மாட்ட ஒரு பையன் வந்திருந்தான். வயர் போட்ட மெஷின்கள், காதில் பென்சில்கூட இல்லை. வேலை முடிந்து தண்ணீர் கேட்டு நின்றவன், பெட்டியைப் பார்த்தான், யாரும் சொல்லாமலே இழுப்பறையை முழுக்க உருவிக் கவிழ்த்தான். கீறலை விரலால் தடவினான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், மறுபடி வலப்பக்கம்.

"ஏனுங்க சார், இதை ரெண்டு பேரு செஞ்சாங்களா?"

மனைவி உள்ளேயிருந்து சட்டென்று எட்டிப் பார்த்தாள். "எந்தப் பக்கம்ப்பா நல்லா இருக்குது?"

அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "ரெண்டுமே கெட்டியாத்தான் இருக்குதுங்க அக்கா" என்றான்.