ஆறட்டும்

மேட்டுப்பாளையம், ஊட்டி சாலை. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. பாக்குத் தோப்புக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒர்க் ஷாப். வாசலில் பழைய மாருதி 800 ஒன்று வந்து நிற்கிறது. பானட் இடுக்கில் ஆவி. டேஷ்போர்டில் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது.

ஓட்டி வந்தவர் இறங்குகிறார். வேட்டியை மடித்துக் கட்டுகிறார். பின்சீட்டில் மனைவி, அம்மா. இருவருக்கும் நடுவே மஞ்சள் துணி மூடிய சீர்த் தட்டுகள். பதினொரு மணிக்குக் குன்னூரில் நிச்சயதார்த்தம்.

மெக்கானிக் டீ கிளாசோடு வருகிறார். கிளாசைத் திண்ணையில் வைக்கிறார். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுக்கிறார். மறுபடி டீயை எடுத்துக்கொள்கிறார்.

கார்க்காரர் கைக்குட்டையை மடிக்கிறார். கை ரேடியேட்டர் மூடிப் பக்கம் போகிறது.

"மூடியத் தொடாதீங்க. ஆறட்டும்."

சொல்லும்போது மெக்கானிக்கின் கை நடுவில் நீள்கிறது. முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டு வரைக்கும், வெளுத்த தழும்பு.

மூடிக்குள் அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. திறந்த நொடியில் கொதித்து, ஆவியாய் முகத்துக்கு வரும்.

"எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

"அரை மணி நேரமாவது விடோணுங்க."

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருகிறார். "குக்கர் அடங்காம யாரு திறப்பா? உட்காரு கண்ணு" என்கிறார் மகனிடம். மகன் உட்காரவில்லை.

7.10. ஸ்டேஷன் பக்கமிருந்து விசில். மலை ரயில் கிளம்புகிறது. முன்னால் பெட்டிகள், பின்னால் தள்ளிக்கொண்டு நீராவி எஞ்சின். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை. வழியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகும். குன்னூர் வரைக்கும் 1899 முதல் இப்படித்தான்.

ஒர்க் ஷாப்பின் உள்ளே நீளமான பெஞ்சு. மேலே அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அதன் முகத்தில் எஃகு அளவுகோல் நிமிர்ந்து நிற்கிறது. அளவுகோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் தகடு தாராளமாக நுழைகிறது. ஹெட் வளைந்திருக்கிறது. முள் சிவப்பில் இருக்க, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டப்பட்ட ஒரு காருடையது அது. அந்தக் கார் பின்பக்கம் செங்கல் மேல் நிற்கிறது.

கார்க்காரர் அதைப் பார்க்கிறார். திரும்பி வருகிறார். கை மறுபடி மூடிப் பக்கம் போகிறது. பாதியில் நின்று, இடுப்புக்குத் திரும்புகிறது.

ஏழரை தாண்டுகிறது. மெக்கானிக் புறங்கையால் மூடியைத் தொடுகிறார். பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி மேலே வைக்கிறார். கால் திருகு. புஸ்ஸென்று மெல்லிய சத்தம். நிறுத்துகிறார். சத்தம் ஓய்கிறது. மீதித் திருகு.

உள்ளே விரலை விடுகிறார். தண்ணீர் தட்டுப்படவில்லை. விரல் நுனியில் செம்பழுப்பு.

"குழாய்த் தண்ணியா ஊத்துறீங்க?"

"ஆமாங்க. கூலன்ட் போட்டு ரொம்ப நாளாச்சு."

ஒர்க் ஷாப் பையன் மக்கில் தண்ணீர் கொண்டு வருகிறான். நூல் மாதிரி ஊற்றுகிறான். சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் சட்டென்று இறங்கினால் விரிசல் விடும். பையனுக்கு அது தெரிந்திருக்கிறது. மக் ஆடவில்லை.

காருக்கு அடியில் அட்டை ஒன்றைத் தள்ளுகிறான். கொஞ்சம் பொறுத்து இழுக்கிறான். அட்டை உலர்ந்திருக்கிறது. ஒழுகல் இல்லை.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவுகிறார். துடைக்கிறார். விட்டு மறுபடி உருவுகிறார். ஆயில் கறுப்பாக இருக்கிறது. வெளுப்பில்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேட்டர் வாயில் எண்ணெய்ப் படலமும் இல்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விறைப்பு சரி. வாட்டர் பம்ப்பின் கீழ் விரலால் தடவுகிறார். ஈரமில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் ஓடுகிறது. மூடி திறந்தே இருக்கிறது. எல்லோரும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்க்கிறார்கள். குமிழி வரவில்லை. ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. கார்க்காரர் மூச்சு விடுகிறார். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார்.

முள் ஏறுகிறது. பாதி. பாதிக்கு மேல். ரேடியேட்டரில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. மெக்கானிக் மேல் ஹோஸைப் பிடிக்கிறார். விடுகிறார். மறுபடி பிடிக்கிறார். கொதிக்க வேண்டிய ஹோஸ் வெதுவெதுப்பாக இருக்கிறது.

"ஆஃப் பண்ணிருங்க. தெர்மோஸ்டாட்டு திறக்கல."

ஹெட்டில் சூடேறிய தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு வால்வு. அதற்குள் மெழுகு. சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளும். வால்வு திறக்கும். திறக்காவிட்டால் அதே தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். ரேடியேட்டர் சும்மா நிற்கும்.

மறுபடி ஆறவிடுகிறார்கள். கீழே திருகைத் திறக்க, பழுப்புத் தண்ணீர் பேசினில் இறங்குகிறது. இரண்டு போல்ட். கிண்ணம் போன்ற மூடி. உள்ளே துருவேறிய வட்டம்.

"அதக் கழட்டிப் போட்டுட்டு அப்பிடியே ஓட்டுறாங்களே?" என்கிறார் கார்க்காரர்.

"ஓட்டுறாங்க. எஞ்சின் சூடே புடிக்காது. பெட்ரோல் குடிக்கும், போரு தேயும். வேண்டாமுங்க."

மேஜை அறையிலிருந்து புது வால்வு ஒன்று வருகிறது. விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது. பையன் பழையதையும் புதியதையும் நூலில் கட்டுகிறான். பக்கத்து டீக்கடை அடுப்பில் அலுமினியப் போசி. இரண்டும் அடியில் படாமல் தண்ணீரில் தொங்குகின்றன.

டீ குடிக்க வந்தவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். பாத்திர ஓரத்தில் முத்து முத்தாய்க் குமிழி. தண்ணீர் கொதிக்கும் முன்பே புதியது திறக்கிறது. பித்தளைத் தட்டு மெல்ல விலகுகிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பழையது இறுக மூடியே கிடக்கிறது.

"இப்பத் தெரியுதுங்களா?"

கார்க்காரர் தலையசைக்கிறார். மனைவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, போசியைப் பார்க்கிறார். வெளியே எடுத்ததும் புதியது ஆறி, தானே மூடிக்கொள்கிறது.

பையன் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுகிறான். பிசிறு போகும் வரை சுரண்டுகிறான். காற்றுப் போகும் சிறு துளை மேலே வருமாறு மெக்கானிக் வால்வை உட்கார வைக்கிறார். புதுக் கேஸ்கெட். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்குகிறார்.

ரேடியேட்டரில் தண்ணீர் விட்டு இறக்குகிறார்கள். பழுப்பு. மறுபடி. வெளிர் பழுப்பு. மறுபடி. தெளிவு. பிறகு பச்சைக் கூலன்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர்.

எஞ்சின் ஓடுகிறது. மெக்கானிக் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுகிறார். காற்றுக் குமிழிகள் வெளியேறுகின்றன. மட்டம் இறங்குகிறது. ஊற்றுகிறார். ஹோஸ் சட்டென்று சுடுகிறது. கையை எடுத்துக்கொள்கிறார். மூடியைத் திருகுகிறார்.

ஃபேன் சுற்றுகிறது. நிற்கிறது. காத்திருக்கிறார்கள். மறுபடி சுற்றுகிறது. மறுபடி நிற்கிறது. முள் பாதியில்.

ஒன்பதே கால். மெக்கானிக் ஓட்ட, கார்க்காரர் பக்கத்தில். கல்லாறு வரை போய்த் திரும்புகிறார்கள். முள் அதே பாதியில்.

காலண்டர் தாளின் பின்புறம் பில் எழுதப்படுகிறது. பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைக்கிறார் மெக்கானிக்.

"செவப்பத் தொட்டதும் நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் வண்டியக் காப்பாத்துச்சு."

அம்மா சீர்த் தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துப் பையனிடம் நீட்டுகிறார். கார் மலைப் பக்கம் திரும்புகிறது. மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள்.

எஞ்சின் பிரிக்கப்படவில்லை. மாறியவை ஒரு வால்வு, ஒரு கேஸ்கெட், உள்ளே இருந்த தண்ணீர்.